முதலில் வாங்கியவருக்கு இடும் பெயர்

புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பொருளை, அதைப் பற்றி எவரும் நல்லதோ கெட்டதோ சொல்லத் தொடங்கும் முன்பே பணம் கொடுத்து வாங்குகிறவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பது, மேலோட்டமாகப் பார்க்கையில் விளம்பரத் துறையின் சில்லறைக் கேள்வியாகவே தோன்றும். ‘முன்னோடிகள்’ என்றால் அவர்கள் மகிழ்வார்கள், ‘சோதனைப் பயனர்கள்’ என்றால் குறைகளைப் பொறுத்துக்கொள்வார்கள், ‘தொடக்கக் கால உறுப்பினர்கள்’ என்றால் அடுத்த ஆண்டும் சந்தா கட்டுவார்கள் என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் இந்தச் சிறு கூட்டத்துக்கு இடப்பட்ட பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றில் ஒன்று வேளாண் சமூகவியலிலிருந்தும், இன்னொன்று ஆய்வுக்கூடத்திலிருந்தும், வேறொன்று விவிலியத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை என்பதும், ஒவ்வொன்றும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை வெவ்வேறு விதமாக எழுதிவைக்கிறது என்பதும் புலப்படும். பெயரிடுதல் ஒரு பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது பெயரிட்டவரைக் கட்டுப்படுத்தும் ஓர் அறச்செயலாகவும் ஆகிறதா என்ற பழைய தத்துவச் சிக்கலே இங்கு வணிக உடை அணிந்து நிற்கிறது.

அந்தச் சிக்கலை இந்தியச் சிந்தனை மரபுகள் நெடுங்காலம் விவாதித்திருக்கின்றன. வேதத்தின் அதிகாரத்தை நிலைநாட்ட முயன்ற மீமாம்சை மரபு, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு எவராலும் உண்டாக்கப்படாதது, என்றும் உள்ளது என்று வாதிட்டது. தருக்கத்தை முதன்மைப்படுத்திய நியாய மரபு, அத்தொடர்பு சங்கேதத்தால், அதாவது இச்சொல்லிலிருந்து இப்பொருள் அறியப்படவேண்டும் என்ற ஒரு விருப்பத்தால் அமைவது என்று மறுத்தது. தமிழ் இலக்கணத்தில் பவணந்தியாரின் நன்னூல், காரணம் கருதாமல் வழிவழியாக வழங்கும் இடுகுறிப் பெயரையும், காரணம் பற்றி வரும் காரணப் பெயரையும் பிரித்துக் காட்டுகிறது. பௌத்த நூலான மிலிந்தனின் கேள்விகளில் நாகசேனர், தம் பெயர் வழக்கின் பொருட்டு அமைந்த ஒரு குறியீடே என்றும், அப்பெயருக்குப் பின்னால் நிலையான ஓர் ஆள் இல்லை என்றும் அரசனிடம் வாதிடுகிறார். இவற்றுள் எதை ஏற்றாலும், வணிகப் பெயர்கள் இடுகுறிப் பெயர்கள் அல்ல என்பது தெளிவு; எந்த நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்குக் காரணமின்றிப் பெயர் வைப்பதில்லை. எனவே கேட்க வேண்டியது, அந்தக் காரணம் யாருடைய காரணம் என்பதே.

சீன மரபு இக்கேள்வியை ஆட்சி அறத்தோடு நேராகவே இணைத்தது. வெய் நாட்டு அரசன் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீடர் சீலு கேட்டபோது, பெயர்களைச் சரிசெய்வேன் என்று கன்பூசியஸ் சொன்னதாக அவருடைய உரையாடல் தொகுப்பு கூறுகிறது. சீலுவுக்கு அது சுற்றி வளைத்த வேலையாகப் பட்டது. ஆனால் அந்நாட்டில் அப்போது தந்தையும் மகனும் அரியணைக்காக எதிரெதிரே நின்றனர் என்பதை நினைவில் கொண்டால், தந்தை என்ற பெயருக்கு உரிய நடத்தை தந்தையிடமும், மகன் என்ற பெயருக்கு உரிய நடத்தை மகனிடமும் இல்லாத இடத்தில் எந்த ஆணையும் செல்லாது என்ற கருத்து அந்தப் பதிலுக்குள் இருப்பது விளங்கும். பிற்காலத்தில் சுன்சீ என்ற சிந்தனையாளர், பெயர்களுக்கு இயல்பான பொருத்தம் எதுவும் இல்லை, உடன்பாட்டால்தான் அவை நிலைபெறுகின்றன என்று ஒப்புக்கொண்டபோதும், நிலைபெற்ற பெயரை மனம்போனபடி திரிப்பதைப் பெருங்குற்றமாகவே கருதினார். உடன்பாட்டால் அமைந்தது என்பதாலேயே பெயர் இலேசானதாகிவிடாது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. உடன்பாடு இருவருக்கு இடையிலானது, அதை ஒருவர் மட்டும் மாற்ற முடியாது.

முதல் வாடிக்கையாளருக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் ‘எர்லி அடாப்டர்’, அதாவது முன்கூட்டியே ஏற்றுக்கொள்பவர். இதைப் பரப்பியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வெளியான, புத்தாக்கங்கள் பரவும் விதத்தைப் பற்றிய அவருடைய நூல், ஏற்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்தது. முதல் 2.5 விழுக்காட்டினர் புதுமையாளர்கள், அடுத்த 13.5 விழுக்காட்டினர் முன்கூட்டியே ஏற்பவர்கள். அதன்பின் தலா 34 விழுக்காடாக இரண்டு பெரும்பான்மைகள். கடைசி 16 விழுக்காட்டினர் ‘லேகர்ட்’, அதாவது பின்தங்கியவர்கள். இந்த எண்கள் மக்களை எண்ணிப் பார்த்துக் கிடைத்தவை அல்ல. மணி வடிவ வளைகோட்டை அதன் சராசரியிலிருந்து திட்டவிலக்கம் என்ற புள்ளியியல் அளவால் துண்டுபோட்டதால் கிடைத்தவை. இதற்கு வேர் அயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களில் இருக்கிறது. அங்குள்ள இரண்டு வேளாண் சமூகங்களில் கலப்பின விதை எவ்வாறு பரவியது என்று பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் மூல ஆய்வாகக் கருதப்படுகிறது.

இந்தப் பெயரில் இருக்கும் முதல் குறை, அது பொருளின் பக்கம் நின்று மனிதரைப் பார்க்கிறது என்பது. பொருள் நல்லது, அது எல்லாரையும் சென்றடைய வேண்டியது என்பதை முன்முடிவாக வைத்துக்கொண்டு, எவ்வளவு விரைவில் அடிபணிந்தார் என்ற ஒரே அளவுகோலால் அது மனிதரை நிறுத்துப் பார்க்கிறது. இதை ரோஜர்ஸே பின்னாளில் உணர்ந்தார் என்பது அவருடைய பெருமை. 1950களின் நடுவில் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் கண்ட அயோவா விவசாயிகளில் ஒருவர், வேதிப்பொருள்கள் மண்புழுக்களையும் பாடும் பறவைகளையும் கொன்றுவிடும் என்று சொல்லி அவற்றைத் தொட மறுத்தவர். அன்றைய அளவுகோலின்படி ரோஜர்ஸ் அவரைப் பின்தங்கியவர் என்று குறித்துவைத்தார். இயற்கை வேளாண்மை மதிப்புப் பெற்ற காலத்தில் திரும்பிப் பார்த்தபோது, அதே மனிதர் காலத்துக்கு முந்திய புதுமையாளராகத் தெரிந்தார் என்பதைத் தம் நூலின் பிற்பதிப்பில் அவரே பதிவுசெய்தார். புத்தாக்கத்துக்குச் சார்பான மனச்சாய்வு என்று அவர் இக்குறைக்குப் பெயரும் வைத்தார். ஆனால் சந்தைப்படுத்தல் பாடநூல்கள் வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒப்புதலைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அது காலத்தைப் பற்றியது. வரலாற்றுத் தத்துவத்தில் ஆர்தர் டான்டோ 1965இல் ஒரு நுட்பமான கருத்தை முன்வைத்தார்: முப்பதாண்டுப் போர் 1618இல் தொடங்கியது என்ற வாக்கியத்தை 1618இல் வாழ்ந்த எவராலும் சொல்லியிருக்க முடியாது, ஏனெனில் பின்னால் நடந்தவற்றை அறிந்தவருக்கே அந்த வாக்கியம் கைகூடும். இவ்வகை வாக்கியங்களை அவர் கதைகூறும் வாக்கியங்கள் என்றார். ‘முன்கூட்டியே ஏற்பவர்’ என்பதும் இத்தகைய பெயர்தான். முன் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் பின் என்று ஒன்று வந்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் வாங்கிய பிறகு அப்பொருள் மறைந்துவிட்டால், அந்த ஆயிரம் பேரும் முதலாமவர்கள் என்ற அதே மூச்சில் கடைசியானவர்களும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே, வணிகம் தொடங்கிய மாதத்திலேயே ஒருவரை அப்பெயரால் அழைக்கும் நிறுவனம், இன்னும் நடக்காத தன் வெற்றியை நடந்ததாக அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கேட்டவர் தாம் ஒரு நீண்ட வரிசையின் முகப்பில் நிற்பதாக எண்ணுகிறார். அவருக்குப் பின்னால் வரிசை உண்டா என்பது பெயர் வைத்தவருக்கே தெரியாது.

பெயர்கள் அவற்றைச் சுமப்பவரையும் மாற்றுகின்றன. கனடியத் தத்துவவாதி இயன் ஹேக்கிங் இதைச் சுழல் விளைவு என்று விளக்கினார்: கல்லை எப்படி வகைப்படுத்தினாலும் கல் அதை அறியாது, ஆனால் மனிதரை வகைப்படுத்தும்போது அவ்வகையை அறிந்த மனிதர் அதற்கேற்ப நடக்கவோ எதிர்க்கவோ தொடங்குகிறார், அதனால் வகையே மாறுகிறது. தம்மை ‘முன்கூட்டியே ஏற்பவர்’ என்று எண்ணத் தொடங்கியவர், தமக்குத் தேவையா என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, புதியது வந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்குவதை மின்னணுக் கருவிச் சந்தையில் எளிதாகக் காணலாம். ஜெஃப்ரி மூர் 1991இல் எழுதிய நூலில், தொடக்கத்தில் வாங்கும் கனவாளருக்கும் பின்னர் வாங்கும் நடைமுறையாளருக்கும் இடையே பெரும் பள்ளம் இருப்பதாகச் சொல்லி, அதைத் தாண்டும் வழிகளை நிறுவனங்களுக்குக் கற்பித்தார். தாண்டிய பிறகு அக்கனவாளருக்கு நிறுவனம் செய்யவேண்டியது என்ன என்ற கேள்வி அந்த உவமைக்குள் எழுவதே இல்லை.

வேறு சில பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எரிக் வான் ஹிப்பல் 1986இல் அறிமுகப்படுத்திய ‘லீட் யூசர்’, அதாவது பிறருக்குப் பின்னால் வரப்போகும் தேவையை இப்போதே உணர்ந்து தாமே தீர்வு தேடத் தொடங்கிவிட்ட பயனர் என்ற கருத்து, வாங்குபவரை ஆக்கத்தில் பங்குள்ளவராக மதிப்பதால் நேர்மையான பெயர். ஆனால் முதலில் வாங்கும் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ‘பீட்டா பயனர்’ என்பது கணினித் துறையின் சோதனைக் கட்டத்தைக் குறிக்கும் சொல். இதில் குறைபாடு உண்டு என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருப்பது அதன் நன்மை, அந்த எச்சரிக்கையையே பொறுப்பிலிருந்து தப்பும் கதவாக்கிக்கொள்ள முடிவது அதன் தீமை. கூகுளின் ஜிமெயில் 2004 ஏப்ரலில் தொடங்கி 2009 ஜூலை வரை தன் பெயரோடு அந்த முத்திரையைச் சுமந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் ஒன்றை ஐந்தாண்டுகளுக்கு மேல் சோதனை என்று அழைத்தால், சோதனை என்ற பெயருக்கு எஞ்சும் பொருள் மிகக் கொஞ்சம்.

சமய நோக்கில் பார்த்தால், இப்பெயர்களில் மிகுந்த ஆய்வுக்கு உரியது ‘எவாஞ்சலிஸ்ட்’ என்பதே. தமிழ்க் கிறித்தவ வழக்கில் நற்செய்தியாளர் என்றும் சுவிசேஷகர் என்றும் வழங்கும் இப்பெயரை, 1980களில் ஆப்பிள் நிறுவனம் தன் மெக்கின்டோஷ் கணினிக்கு மென்பொருள் எழுதுமாறு பிற நிறுவனங்களை இணங்கவைக்கும் ஊழியர்களுக்குப் பதவிப் பெயராக்கியது. அவர்களில் கை கவாசாகி என்பவர் அப்பெயரைத் தம் நூல்கள் வழியே பரவலாக்கினார். பின்னர் தொழில்முனைவு ஆசிரியர் ஸ்டீவ் பிளாங்க் அதை வாடிக்கையாளர் தலையிலேயே வைத்தார். தமக்கு ஒரு சிக்கல் இருப்பதை அறிந்து, தீர்வைத் தேடி, கிடைத்ததை ஒட்டுப்போட்டுச் சமாளித்துக்கொண்டு, வாங்கப் பணமும் ஒதுக்கிவைத்திருப்பவர், முடிவடையாத பொருளைக்கூட வாங்கிப் பிறரிடமும் அதைப் பற்றிப் பேசுவார் என்று கண்ட பிளாங்க், அவருக்கு ‘எர்லிவாஞ்சலிஸ்ட்’ என்று பெயரிட்டார். அவருடைய நூலின் தலைப்பிலேயே ‘எபிஃபனி’ என்ற சொல் இருக்கிறது. கிறித்தவ நாட்காட்டியில் அது இறைவன் மனிதருக்குத் தம்மை வெளிப்படுத்தியதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா. சொற்களை இரவல் வாங்குவதில் தொழில்நுட்ப வணிகத்துக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை.

இப்பெயரின் வரலாறு, அதை எடுத்துக்கொண்டவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒரு முரணை வைத்திருக்கிறது. கிறித்தவத்துக்கு முந்திய கிரேக்கத்தில் ‘எவாங்கெலியோன்’ என்ற சொல், ஹோமரின் ஒடிசியில் வருவதுபோல, நல்ல செய்தி கொண்டுவந்த தூதனுக்குத் தரவேண்டிய பரிசைக் குறித்தது. அதாவது அது தூதனின் கூலி. பின்னர் அது செய்தியையே குறித்தது. கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு, பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளை உலகுக்கான நற்செய்திகளின் தொடக்கமாகப் போற்ற இதே சொல்லைக் கையாள்கிறது. தொடக்ககாலக் கிறித்தவர்கள் அரசனின் சொல்லைப் பறித்து, அரசின் கையால் சிலுவையில் அறையப்பட்ட ஒருவருக்கு அதைச் சூட்டினார்கள். கூலியின் பொருள் அதிலிருந்து கழன்றது. உழைப்பவருக்குக் கூலி பெறும் உரிமை உண்டு என்று வாதிட்டுவிட்டு, அந்த உரிமையைத் தாம் கைவிட்டு நற்செய்தியை இலவசமாக அறிவித்ததையே தம் பெருமையாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கூடாரம் செய்து அவர் பிழைத்தார்.

புதிய ஏற்பாட்டில் நற்செய்தியாளர் என்ற பெயர் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. ஒரு தனி மனிதருக்கு அடைமொழியாக அது சூட்டப்படுவது செசரியாவில் வாழ்ந்த பிலிப்புக்கு மட்டுமே. அந்தப் பிலிப்பு சமாரியாவில் போதித்த கதையைத் திருத்தூதர் பணிகள் நூல் எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறது. அதே அதிகாரத்தில்தான், அவருடைய போதனையைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற மாயவித்தைக்காரன் சீமோன், திருத்தூதர்கள் கைவைத்ததும் தூய ஆவி இறங்குவதைக் கண்டு, அந்த ஆற்றலைத் தனக்கும் தருமாறு பணத்தை நீட்டிக் கடிந்துகொள்ளப்படுகிறான். திருச்சபைப் பதவிகளை விலைக்கு வாங்கும் குற்றத்துக்கு ‘சைமனி’ என்ற பெயர் இவனிடமிருந்தே வந்தது. ஆக, மூல நூலிலேயே இந்தப் பெயரின் அருகில் ஓர் எல்லைக்கல் நடப்பட்டிருக்கிறது: அருளைப் பற்றிய சாட்சியம் காசுக்கு வெளியே இருக்க வேண்டும்.

வணிகம் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது நிகழ்ந்தது என்ன? ஆப்பிளின் எவாஞ்சலிஸ்டுகள் சம்பளம் வாங்கியவர்கள். பழைய கிரேக்கத் தூதனைப்போல அவர்களுக்குக் கூலி இருந்தது, ஆகவே அங்கு ஏமாற்று பெரிதாக இல்லை. வாடிக்கையாளரே நற்செய்தியாளர் ஆகும்போது நிலைமை தலைகீழாகிறது. அவர் பொருளுக்கு விலை கொடுக்கிறார், குறைபாட்டைச் சகிக்கிறார், அதற்கு மேல் ஊரெங்கும் சென்று அதைப் புகழவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெயரோடு சேர்ந்து அவர்மேல் விழுகிறது. கிரேக்கத் தூதனின் கூலியும் அவருக்கு இல்லை, பவுலின் விடுதலையும் அவருக்கு இல்லை, ஏனெனில் அவருடைய சாட்சியத்தின் பலன் இன்னொருவரின் வருமானக் கணக்கில் சேர்கிறது. சாட்சியத்தின் மதிப்பு, சொல்பவருக்கு அதில் ஆதாயம் இல்லை என்பதில் தங்கியிருக்கிறது. அந்த மதிப்பைத்தான் நிறுவனம் விரும்புகிறது, அதைப் பெறும் வழியிலேயே அது அழிந்தும் போகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அத்தொடர்பை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று வலியுறுத்த நேர்ந்தது. சட்டம் இங்கு காப்பாற்ற முயல்வது, இறையியல் சாட்சியம் என்று அழைக்கும் அதே பொருளைத்தான்.

வணிகத்துக்குச் சமயச் சொல் எதுவுமே கூடாது என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. நம்பிக்கை என்ற சொல்லைக் கடன் கொடுப்பவரும் பக்தரும் ஒருங்கே பயன்படுத்துகிறார்கள், இருவர் பொருளும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆனால் பக்தரின் நம்பிக்கைக்கு எதிர்ப்பக்கத்தில் கைவிடாத ஒன்று இருப்பதாகச் சமயம் சொல்கிறது. நிறுவனம் அப்படி எதையும் சொல்ல முடியாது, அது விற்கப்படலாம். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு முயற்சி இதை எவருக்கும் விளங்கும்படி காட்டியது.

ஆக்குலஸ் என்ற புது நிறுவனம், தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்க, கிக்ஸ்டார்ட்டர் என்ற திரள்நிதி மேடையில் இரண்டரை லட்சம் டாலர் கேட்டது. திரள்நிதி என்பது பலர் சிறுசிறு தொகையாக முன்பணம் தந்து ஒரு பொருள் உருவாக உதவும் ஏற்பாடு. 9,500க்கும் மேற்பட்டோர் சுமார் 24 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அம்மேடை அவர்களை வாடிக்கையாளர் என்று அழைப்பதில்லை. ‘பேக்கர்’, அதாவது பின்னிருந்து தாங்குபவர் என்பதே அதன் சொல். தாங்கள் கடை அல்ல என்று கிக்ஸ்டார்ட்டர் அதே ஆண்டு வெளிப்படையாகவே அறிவித்தது. பங்குதாரர் என்றும் அவர்களை அழைக்க முடியாது. பொதுமக்களிடம் இவ்வாறு சிறு தொகைகளுக்குப் பங்கு விற்க இடமளிக்கும் சட்டம் 2012 ஏப்ரலில் நிறைவேறினாலும், அதற்கான விதிகள் 2016 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. கடைக்காரரிடம் வாங்கியவரும் இல்லை, முதலீடு செய்தவரும் இல்லை, நன்கொடை தந்தவரும் இல்லை என்ற அந்த நடுவெளியில், ‘தாங்குபவர்’ என்ற கதகதப்பான சொல் ஒரு போர்வைபோல விரிக்கப்பட்டது.

2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. தாங்கியவர்களில் பலர் கொதித்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. சொன்ன கருவி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்த மார்கஸ் பெர்சன், அதாவது மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கியவர், ஒரு பெருநிறுவனம் வாங்கிக்கொள்வதற்கு விதையிடுவதற்காகத் தாம் பணம் தரவில்லை என்ற பொருளில் எழுதி உறவை முறித்துக்கொண்டார்; அதே ஆண்டு செப்டம்பரில் அவர் தம் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்க ஒப்புக்கொண்டார் என்பது வேறு கதை. அந்த முரண் அவருடைய கோபத்தைப் பொய்யாக்கவில்லை; ஒரே மனிதர் தாங்குபவராக இருக்கும்போது ஒன்றையும், விற்பவராக இருக்கும்போது வேறொன்றையும் எதிர்பார்க்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது.

அவர்கள் கோபத்தின் இலக்கணத்தை அரிஸ்டாட்டில் முன்பே எழுதிவைத்துவிட்டார். நிகோமாக்கிய அறவியலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் அவர் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது. பயன் கருதிய நட்பு பயன் தீர்ந்ததும் கலைவதில் அவருக்கு வியப்பில்லை, அதைக் குறையாகவும் அவர் பெரிதுபடுத்தவில்லை. பூசல் எழுவது, இருவரும் தாங்கள் எந்த வகை நட்பில் இருக்கிறோம் என்பதை வேறுவேறாக எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் என்கிறார். ஒருவர் பயனுக்காகவே நேசித்துவிட்டு, பண்புக்காக நேசித்ததாகப் பாசாங்கு செய்தால், ஏமாந்தவர் குற்றம்சாட்டுவது நியாயம். அது காசைப் போலியாக அச்சிடுவதினும் கொடிது, ஏனெனில் போலியாக்கப்பட்டது காசைவிட உயர்ந்த பொருள். ஆக்குலஸ் தன் பேச்சில் தோழமையின் மொழியையும், தன் ஒப்பந்தத்தில் கடையின் மொழியையும் பயன்படுத்தியது. இரண்டும் ஒன்றாக இருந்தவரை எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வாடிக்கையாளரைக் ‘குடும்பம்’ என்றும் ‘சமூகம்’ என்றும் அழைக்கும் எல்லா நிறுவனங்களும் இந்த விபத்தை நோக்கித்தான் சொல் சொல்லாக நடந்துகொண்டிருக்கின்றன.

இந்தியச் சந்தைகளில் வழங்கும் ஒரு பழைய வழக்கம் இங்கு ஒப்புநோக்கத் தகுந்தது. தமிழில் போணி என்றும் பிற மொழிகளில் சற்றே ஒலி மாறியும் வழங்கும் அன்றைய முதல் விற்பனைக்கு, வணிகர் ஒரு சமயச் சாயலைக் கொடுத்திருக்கிறார். முதலில் வந்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். முதல் ஆள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக விலையில் விட்டுக்கொடுக்கிறார். இங்கு முதலில் வாங்கியவர்மேல் எந்தக் கடமையும் ஏற்றப்படவில்லை; நாள் முழுவதும் அவர் கடையைப் புகழ்ந்து திரியவேண்டியதில்லை. கடன்பட்டவராகத் தம்மைக் காட்டிக்கொள்பவர் கடைக்காரரே, அதைச் சொல்லால் அல்லாமல் விலையால் காட்டுகிறார். இவ்வழக்கத்தையும் முழுதாக மெச்சிவிட முடியாது. கைராசி பார்க்கும் பழக்கம் அதே கடை வாசலில் சிலரைக் கைராசி அற்றவர் என்று ஒதுக்கியிருக்கிறது. கணவனை இழந்த பெண்கள் அந்த அவமதிப்பை நன்கு அறிவார்கள். முதலாமவரைப் புனிதமாக்கும் எந்தப் பெயருக்கும் இந்த நிழல் உண்டு. எனினும் கடன் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதில், சிலிக்கன் பள்ளத்தாக்கின் அகராதியைவிடப் போணிக் கடைக்காரரின் உணர்வு சரியானது.

பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது வீண், நிறுவனம் நன்றாக நடந்துகொண்டால் எப்பெயரும் தகும், மோசமாக நடந்தால் எப்பெயரும் தகாது என்று ஒருவர் மறுக்கலாம். இந்த மறுப்பில் பாதி உண்மை. ஆனால் நன்றாக நடப்பது என்றால் என்ன என்பதையே பெயர்தான் பல வேளைகளில் முடிவுசெய்கிறது. ஒருவரைச் சோதனைப் பயனர் என்று கொண்டால் அவருக்குத் தரவேண்டியது எச்சரிக்கை. வாடிக்கையாளர் என்று கொண்டால் தரவேண்டியது சொன்ன பொருள். கூட்டாளி என்று கொண்டால் தரவேண்டியது பங்கு. நியாய மரபினர் சொல்லின் ஆற்றலை விருப்பத்தில் வைத்ததன் உட்பொருளும் இங்கு உதவுகிறது: இச்சொல்லால் இன்னது அறியப்படட்டும் என்று விரும்பி ஒன்றை வெளியிட்டவர், கேட்டவர் அதையே அறிந்துகொண்டபோது, தாம் அதை விரும்பவில்லை என்று பின்வாங்க இயலாது.

இந்த அளவுகோலால் பார்க்கும்போது, தகுந்த பெயர் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்று தோன்றுகிறது: அப்பெயர் வாங்குபவரின் செயலிலிருந்து எழவேண்டுமே தவிர நிறுவனத்தின் எதிர்பார்ப்பிலிருந்து எழக்கூடாது; பொருள் தோற்றுப்போனாலும் அது உண்மையாக இருக்க வேண்டும்; உள்ளரங்கக் கூட்டத்தில் சொல்லும் அதே பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவேண்டும். ‘முன்கூட்டியே ஏற்பவர்’ இரண்டாவதில் தவறுகிறது. ‘நற்செய்தியாளர்’ முதலாவதில் தவறுகிறது. ‘தாங்குபவர்’ நன்கொடைக்குப் பொருந்தும், விற்பனைக்குப் பொருந்தாது. முன்னோடி என்பது, துணிந்து இறங்குகிறோம் என்று அறிந்தே இறங்கியவருக்கு மட்டும் உரியது. குறையை மறைத்து விற்றுவிட்டு வாங்கியவரை முன்னோடி என்று பாராட்டுவது ஏளனம்.

எஞ்சுவது அழகற்ற, எளிய பெயர்: முதல் வாடிக்கையாளர். வாடிக்கை என்பது வழக்கமாக வந்துபோவதைக் குறிப்பதால், ஒருமுறை வந்தவருக்கு அது சற்று மிகையே; ஆனால் அந்த மிகையை நிறைவேற்றும் பொறுப்பு விற்பவருடையது, இவர் மீண்டும் வரத்தக்க வகையில் நடந்துகொள்வேன் என்பதே அதன் உட்பொருள். ‘முதல்’ என்ற சொல் நிகழ்ந்த உண்மையை மட்டும் சொல்கிறது, பின்னால் எவர் வந்தாலும் வராவிட்டாலும் அது பொய்யாவதில்லை. அவர் செய்ததைவிடக் கூடுதலாக எதையும் இப்பெயர் அவரிடம் கேட்பதுமில்லை. 2016 ஜனவரியில் ஆக்குலஸ், 2012இல் தன் மேம்பாட்டுக் கருவிக்காகப் பணம் தந்தவர்களுக்கு, 599 டாலர் விலையில் சந்தைக்கு வரவிருந்த புதிய கருவியை இலவசமாக அனுப்பப்போவதாக அறிவித்தது. ஒப்பந்தம் அதைக் கோரவில்லை.